எந்த நாட்டு கார் நல்ல கார்? போடிமெட்டு ரோட்டிலிருந்து ஒரு பதில்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

"டாக்டர், ஜெர்மன் வண்டி எடுக்கலாமா, பிரெஞ்சு வண்டி எடுக்கலாமா? ஐரோப்பாவிலேயே எந்த நாட்டுக்காரன் தரமா செய்றான்?" ஏலக்காய் விலை ஏறும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் சேர்ந்து வரும். 2019-ல் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் ஏலம் போச்சே, அந்த வருஷம் கேட்டவர்கள் ரொம்ப அதிகம். டாக்டர்கிட்ட எதுக்குக் கேக்குறீங்கன்னு நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஷோரூம்காரர் வண்டியின் முதல் நாளைப் பார்க்கிறார். அடிபட்டு வருபவர்களைப் பார்க்கிற எங்களுக்குத் தெரிவது சில வண்டிகளின் கடைசி நாள்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முடிந்தது. அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிரீமியர் பத்மினி என்பது இத்தாலியின் ஃபியட் 1100. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இங்கிலாந்தின் ட்ரையம்ஃப். ஊருக்குள் ஓட்டணும்னா ஃபியட், கல்யாணத்துக்குக் குடும்பத்தோட போகணும்னா அம்பாசிடர். ஏற்றத்தில் பானெட்டைத் திறந்து வைத்து, ரேடியேட்டர் ஆறும் வரை ரோட்டோரம் நின்ற கதை உங்க வீட்டுப் பெரியவங்க கிட்ட நிச்சயம் இருக்கும். கேட்டுப் பாருங்க.

ஆனா நம்ம மலையில் ஐரோப்பிய நாடுகளின் உண்மையான போட்டி கார்களுக்குள் நடக்கவில்லை. ஜீப்பில் நடந்தது.

மகிந்திரா ஜீப்பின் உடம்பு அமெரிக்க வில்லிஸ். அது எல்லாருக்கும் தெரியும். உள்ளே இருந்த இன்ஜின் எந்த நாடு? 1979-ல் மகிந்திரா, பிரான்ஸின் பியூஜோ கம்பெனியிடம் டீசல் இன்ஜின் செய்யும் உரிமம் வாங்கியது. எக்ஸ்டிபி 4.90, 2,112 சிசி. எம்எம் 540 ஜீப்பில் துடித்தது அந்த பிரெஞ்சு இதயம்தான். முதல் பொலீரோவில் இருந்ததும் பியூஜோ வழி வந்த 2.5 லிட்டர் இன்ஜின். அதே சமயம் போட்டியாக ஓடிய ட்ராக்ஸ் வண்டியில் இருந்தது மெர்சிடிஸின் ஓஎம் 616 வழி வந்த டீசல். ஆமாங்க, பென்ஸ் இன்ஜின்தான். அதைச் செய்த பஜாஜ் டெம்போவின் 'டெம்போ' என்ற பேரே ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்துக் கம்பெனியின் பேர். நாம எந்த மூணு சக்கர வண்டியைப் பார்த்தாலும் "டெம்போ வருது" என்கிறோமே, அது ஒரு ஜெர்மன் பிராண்டு.

அதாவது பல வருஷமா ஏலத்தோட்டத்துக்கு ஆளையும் மூட்டையையும் ஏற்றியது பிரான்ஸும் ஜெர்மனியும். எது உசத்தின்னு ஸ்டாண்டில் டிரைவர்கள் சண்டை போடுவாங்க. நான் அந்தச் சண்டைக்குள் போகல. ரெண்டுமே வேகத்துக்காகச் செய்த இன்ஜின் இல்லை. குறைந்த சுற்றில் இழுக்கும், ஊர் மெக்கானிக் பிரித்து மாட்ட முடியும். இந்த மலையில் தரம் என்பதற்கு ரொம்ப நாள் இதுதான் அர்த்தம்.

முந்தலில் ஏற ஆரம்பித்தால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஏற்றம். ஒரு நாட்டுக்காரன் எந்த மாதிரி ரோட்டுக்காக வண்டி செய்தான் என்பது இங்கே அப்பட்டமாகத் தெரியும். ஜெர்மன்காரருக்கு ஆட்டோபான். வேகத்தில் வண்டி ஆடக்கூடாது, அதனால சஸ்பென்ஷன் இறுக்கம், ஸ்டியரிங் துல்லியம். பிரெஞ்சுக்காரருக்குக் கிராமத்து மேடுபள்ளம். வயலுக்குள் முட்டைக்கூடையோடு போனாலும் ஒரு முட்டை உடையக்கூடாது என்று கணக்கு வைத்துச் செய்த வண்டி சிட்ரோயனின் 2சிவி. 1948-ல் வந்தது. இத்தாலிக்காரருக்கு நெருக்கமான ஊர்த் தெருவும் ஆல்ப்ஸ் மலையும். அங்கே ஸ்டெல்வியோ கணவாயில் ஒரு பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவு. நம்ம 17 எல்லாம் அவங்களுக்குப் பலகாரம்.

அந்த இத்தாலிய இன்ஜினை உங்களில் பாதிப்பேர் ஓட்டியிருப்பீங்க, ஃபியட் என்று தெரியாமலே. ஸ்விஃப்ட் டீசலில் இருந்த 1,248 சிசி இன்ஜின் ஃபியட்டின் மல்டிஜெட். டாடா, மாருதி, ஃபியட் என எல்லார் வண்டியிலும் அதே இன்ஜின். நெடுஞ்சாலையில் அருமை. கொண்டை ஊசி வளைவில் வேகம் குறைந்து சுற்று 2,000-க்குக் கீழே போனால் டர்போ தூங்கிவிடும். பட்டுனு ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கலைன்னா வண்டி மூச்சு விடாமல் நிற்கும், பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிப்பார். இதைக் குறைன்னு சொல்ல மாட்டேன். சின்ன இன்ஜினில் மைலேஜ் எடுக்கக் கொடுத்த விலை அது.

இனி என் துறைக்கு வருகிறேன். இறுக்கமான சஸ்பென்ஷனா, மென்மையா? உட்கார்ந்திருக்கும் மனித உடம்பில் முதுகெலும்பு, மேலும் கீழுமான அதிர்வுக்கு வினாடிக்கு 4 முதல் 8 தடவை என்ற அளவில்தான் அதிகமாகக் குலுங்கும். சீட்டிலிருந்து வரும் அதிர்வு அந்த அளவில் இருந்தால் இடுப்பு அதைப் பெரிதாக்கி வாங்கிக்கொள்ளும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில் வருஷக்கணக்கில் மலை ஏறிய டிரைவருக்கு இடுப்புவலி வருவதில் ஆச்சரியம் இல்லை. முதுகுவலிக்காரர் என்னிடம் கேட்டால் பிரெஞ்சு மென்மைக்கு ஓட்டுப் போடுவேன். வாந்தி வருதுன்னு சொல்றவங்க கதை வேறு. அது மெதுவான அசைவு, வளைவில் பக்கவாட்டில் தள்ளுவது. சாய்ந்து ஆடும் மென்மையான வண்டி அதைக் கூட்டலாம். அவங்களுக்கு ஜெர்மன் இறுக்கமும் முன் சீட்டும் நல்லது. பாதி மருந்து டிரைவரின் வலது கால்தான்.

இதுவரை நாடு நாடாகப் பேசினேன். இப்ப அதை உடைக்கிறேன், ஏன்னா உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது.

2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்ற ஐந்து கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டது. ஐந்துக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் பூஜ்யம் நட்சத்திரம். அதில் ஒன்று ஜெர்மன் பேர் தாங்கிய ஃபோக்ஸ்வேகன் போலோ. கவனிங்க, போலோவின் கூடு நிலைகுலையவில்லை. கூடு உறுதியாக இருந்தும் பூஜ்யம், ஏன்னா அந்த விலை குறைந்த மாடலில் ஏர்பேக் இல்லை. பிறகு கம்பெனி அந்த மாடலை நிறுத்தியது. ரெண்டு ஏர்பேக் வைத்த அதே போலோவுக்கு நாலு நட்சத்திரம். 2017-ல் ரெனோ டஸ்டர்: ஏர்பேக் இல்லாததற்குப் பூஜ்யம், டிரைவர் ஏர்பேக் இருந்ததற்கு மூணு. கொலம்பியாவில் தயாரான டஸ்டர் அதற்கு முன்பே, பெரிய ஏர்பேக்கோடு, லத்தீன் என்கேப்பில் நாலு வாங்கியிருந்தது. நம்ம டஸ்டர் தயாரானது ஒரகடத்தில். அங்கே ஸ்பேனர் பிடித்த நம்ம பையன்களின் கையில் ஒரு குறையும் இல்லை. எந்தச் சந்தைக்கு எதை வைக்கலாம், எதை எடுத்துவிடலாம் என்று மீட்டிங்கில் முடிவெடுத்தவர்களின் கணக்கு அது.

அப்புறம் 2022-ல் செக் நாட்டுப் பேர் தாங்கிய ஸ்கோடா குஷாக், மகாராஷ்டிராவின் சாக்கனில் தயாராகி, பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தலா ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அப்போ இந்தியாவில் செய்தால் தரம் குறையும் என்ற பேச்சும் அடிபட்டுப் போகிறது. நாடு என்பதே குழம்பிப்போன விஷயம். வால்வோவின் முதலாளி 2010 முதல் சீனாவின் ஜீலி. ஜாகுவாரும் லேண்ட் ரோவரும் 2008 முதல் டாடா. எம்ஜி என்ற பழைய இங்கிலாந்துப் பேருக்குப் பின்னால் சீனக் கம்பெனி, ஃபேக்டரி குஜராத்தில். சிட்ரோயன் தயாராவது நம்ம திருவள்ளூரில்.

ஐரோப்பா உலகத்துக்குக் கொடுத்த மிகத் தரமான கார் பாகம் எதுன்னு கேட்டா, நான் யோசிக்காமல் சொல்வேன்: சீட் பெல்ட். தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட்டை 1959-ல் ஸ்வீடனின் வால்வோவில் நில்ஸ் போலின் என்ற இன்ஜினியர் கொண்டுவந்தார். அதற்கு முன் அவர் விமானத்திலிருந்து விமானியைத் தூக்கி வெளியே எறியும் சீட்டில் வேலை பார்த்தவர். மற்ற கம்பெனிகளும் பயன்படுத்தட்டும் என்று வால்வோ அந்தக் காப்புரிமையைத் திறந்துவிட்டது. 2022 செப்டம்பரில் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்து நினைவிருக்கும். மெர்சிடிஸ் ஜிஎல்சி, ஐரோப்பிய சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய மாடல். முன் சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின் சீட்டில் பெல்ட் போடாமல் இருந்ததாகப் போலீஸ் சொன்ன இருவரும் பிழைக்கவில்லை. ஒரே வண்டி, ஒரே நாடு, ஒரே நொடி.

பழைய ஐரோப்பிய கார் சல்லிசா வருதுன்னு வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் டிரைவர் ஏர்பேக் கட்டாயமானது 2019 ஜூலையில். முன்னால் ரெண்டு பேருக்கும் கட்டாயமானது 2021 கடைசியில். அதற்கு முந்தைய வண்டி என்றால் எந்த வேரியண்ட் என்று ஆர்.சி. புக்கைப் பார்த்து, ஏர்பேக் உண்டா என்று உறுதி செய்த பிறகு விலை பேசுங்க. ஒரு தடவை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல் மூடி ஒட்டிய வண்டியும் சந்தைக்கு வரும். சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லைன்னாலும் சந்தேகப்படுங்க.

இதையெல்லாம் ஒரு தோட்டக்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். நல்ல மனுஷன். ஸ்கோடாவா, ஃபோக்ஸ்வேகனா என்ற யோசனையில் இருந்தார். "உங்க தோட்டத்துக்கு வேலையாட்கள் எதுல வர்றாங்க?" என்றேன். "அது கான்ட்ராக்ட் ஜீப்பு சார், நம்மளுது இல்ல" என்றார்.

நான் இந்த த்ரெட்டை எழுதுவதே அந்தப் பதிலுக்காகத்தான். விடியக்காலையில் போடி, தேவாரம், கோம்பை, கம்பம் பக்கமிருந்து பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் உடும்பன்சோலைக்கும் ஏறும் ஜீப்புகளைப் பார்த்திருப்பீங்க. மடியில் தூக்குவாளி, பின்னால் எதிரெதிர் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்த பெண்கள், மேலே படுதா. அந்தப் பெஞ்சுக்கு பெல்ட் கிடையாது. மலை ரோட்டில் வேகம் 30-ஐத் தாண்டாது, அதனால் நேருக்கு நேர் மோதலை விட உருள்வதுதான் பயம். உருளும்போது உயிரை எடுப்பது பெரும்பாலும் வெளியே தூக்கி எறியப்படுவது. படுதா யாரையும் உள்ளே பிடித்து வைக்காது. பக்கவாட்டில் உட்கார்ந்த உடம்பு திடீர் பிரேக்கில் முழுசா ஒரு பக்கம் சாயும். கழுத்து, விலா, கல்லீரல், மண்ணீரல் எல்லாம் பக்கத்தில் இருப்பவர் மேலேயோ கம்பியிலேயோ போய் இடிக்கும். உள்ளே துடிப்பது பிரெஞ்சு இதயமா ஜெர்மன் இதயமா என்பது அந்த நேரத்தில் யாருக்கும் உதவாது.

அந்தத் தோட்டக்காரரிடம் நான் கேட்டது இவ்வளவுதான். கான்ட்ராக்ட் பேசும்போதே நாலு விஷயம் சேர்த்துப் பேசுங்க: மேலே இரும்புக் கூரை, முன்பக்கம் பார்த்த சீட், ஆளுக்கு ஒரு பெல்ட், ஆர்.சி.யில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் ஒருத்தர்கூட ஏறக்கூடாது. ரெண்டு ட்ரிப் ஆகும், டீசல் காசு கூடும்னு சொன்னார். கூடும்தான். அவர் எடுக்க நினைத்த காரின் டாப் மாடலுக்கும் அதற்கு ஒரு படி கீழே உள்ள மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தை டீசலாக மாற்றிக் கணக்குப் போடச் சொன்னேன். மொபைலை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

நீங்க ஜீப்பில் போகிறவராக இருந்தால், இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாயங்காலம் இறங்கும்போது டிரைவர் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறாரா என்று கவனிங்க. ஏறிய கியரிலேயே இறங்கணும். இன்ஜின் வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக் சூடேறாது. கருகின வாடை வந்தால் பிரேக் கொதித்துவிட்டது என்று அர்த்தம். அப்போ "அண்ணே, ஓரமா நிறுத்துங்க, கால் மணி நேரம் கழிச்சுப் போகலாம்"னு சத்தமா சொல்லுங்க. ஒருத்தர் சொன்னா முறைப்பார். உள்ளே இருக்கும் எல்லாரும் சொன்னா நிறுத்துவார்.