மணி வெளிய போயிட்டான்

தடுப்பூசி அட்டையில் எங்கள் நாயின் பெயர் ப்ரூனோ. அப்பா அதை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "நாய்னா மணிதான்" என்று முதல் நாளே முடித்துவிட்டார். ப்ரூனோ என்று நான் எத்தனை முறை கூப்பிட்டாலும் காதைக்கூட அசைக்காமல் படுத்திருந்தவன், ஒரே வாரத்தில் மணி என்றால் எழுந்து ஓடினான்.

டாஷண்ட் வகை. நீளமான உடம்பு, ஜாண் உயரக் கால்கள். மடிப்பாக்கம் தெருவில் அவனைக் கூட்டிக்கொண்டு போனால் பசங்க விடமாட்டார்கள். "அண்ணா, இதுக்குக் கால் இன்னும் வளருமா?" என்று ஒருத்தன் நிஜமான அக்கறையோடு கேட்டான். நண்பன் ஒருவன் ஆசைப்பட்டு வாங்கி, அடுத்த மாதமே வெளிநாட்டில் வேலை கிடைத்து, என் தலையில் கட்டிவிட்டுப் போன குட்டி. நானும் ஒரு கணக்கில்தான் சரி என்றேன். அம்மா போன பிறகு கோவில்பட்டி வீட்டைப் பூட்டிவிட்டு அப்பா என்னோடு வந்துவிட்டார். பகல் முழுக்க ஹாலில் நாற்காலி, டிவி, பேப்பர். ஒரு துணை இருக்கட்டுமே என்று நினைத்தேன். அப்பாவோ நாயை வாசல்படி தாண்ட விடாத தலைமுறை. "ராஜபாளையம் நாயைப் பாத்து வளந்துட்டு, இந்தப் பல்லியைப் புடிச்சுட்டு வந்திருக்கியே" என்றார்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாதீர்கள், பார்வோ வந்தால் குட்டி தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் பால்கனியில் பேப்பர் விரித்துப் பழக்கினேன். நாலே நாளில் பேப்பரில் போக ஆரம்பித்துவிட்டான். ஆபீஸில் பெருமையடித்துக்கொண்டேன். அவன் கற்றுக்கொண்டது பால்கனியை அல்ல, பேப்பரை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா பாதி படித்துவிட்டுத் தரையில் வைத்த அன்றைய பேப்பரில், தலையங்கத்தின் மேல், கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக ஒண்ணுக்குப் போனான். அப்பா சிரித்தார். அம்மா போனதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

சிரிப்பு அதோடு சரி. ஊசியெல்லாம் முடிந்து தெருவுக்குக் கூட்டிப்போக ஆரம்பித்ததும் பெரிய போராட்டம் தொடங்கியது. நாற்பது நிமிடம் ஒவ்வொரு கம்பத்தையும், ஒவ்வொரு பைக் டயரையும் மோந்து பார்ப்பான். எதுவும் நடக்காது. இரண்டு மாடி ஏறி வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் மிதியடியில் போய்விடுவான். நான் பார்க்கும்போது என் கண்ணையே பார்த்தபடி போவான். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திமிர் என்றுதான் நினைத்தேன். ராத்திரி உட்கார்ந்து படித்தபோது கொஞ்சம் புரிந்தது. ஜெர்மன் மொழியில் டாக்ஸ் என்றால் பேட்ஜர், ஹுண்ட் என்றால் நாய். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும், நல்ல நகமும் பல்லும் உள்ள பிராணி அந்த பேட்ஜர். அதன் வளைக்குள் புகுந்து எதிர்த்து நிற்பதற்காகவே வளர்த்தெடுத்த இனம் இது. உள்ளே போன பிறகு எஜமான் கத்துவது காதில் விழுந்தாலும் பிரயோஜனமில்லை. முன்னே போவதா, பின்வாங்குவதா என்று இருட்டில் நாயேதான் முடிவெடுக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக, சொல் பேச்சுக்குக் காத்திருக்காத நாயாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார்கள். அந்தப் பரம்பரையில் வந்தவனைத்தான் நான் அறுநூறு சதுர அடி வீட்டில் நிறுத்தி "இங்க போகாத" என்று அதிகாரம் செய்துகொண்டிருந்தேன்.

என் தப்பும் நிறைய. ஒன்பது மணி மீட்டிங்கை வைத்துக்கொண்டு எட்டே முக்காலுக்குக் கீழே கூட்டிப்போவேன். அவன் போய் முடித்த நொடியே கயிற்றை இழுத்துக்கொண்டு மேலே ஓடிவந்துவிடுவேன். அவன் பக்கத்திலிருந்து யோசித்தால் கணக்கு ரொம்ப எளிது: ஒண்ணுக்குப் போனால் தெரு முடிந்துவிடும். அப்புறம் எவன் போவான்? தரையை தினமும் ஃபினாயில் போட்டுத் துடைத்தேன். எனக்கு ஃபினாயில் வாசம்தான் வந்தது. அவனுக்கு அதற்கு அடியில் நேற்றையது, முந்தாநாளுடையது எல்லாம் வந்திருக்கும். என்சைம் கலந்த கிளீனர் என்று ஒன்று இருப்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இதற்கு நடுவில் நவம்பர் மழை வேறு. எங்கள் தெருவில் தண்ணீர் நிற்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குக் கணுக்கால் அளவு என்றால் அவனுக்கு வயிறு முங்கும். கடைசிப் படியில் நின்று தண்ணீரைப் பார்ப்பான், என்னைப் பார்ப்பான், திரும்பி மேலே ஏறத் தொடங்கிவிடுவான்.

அப்படி ஒரு மழை நாளில்தான் அடித்தேன்.

சோபாவுக்குப் பின்னால் போயிருந்தான். எப்போது போனானோ, பாதி காய்ந்துவிட்டிருந்தது. கழுத்தைப் பிடித்து இழுத்து வந்து மூக்கைத் தரையில் வைத்துத் தேய்த்தேன். பேப்பரைச் சுருட்டி முதுகில் இரண்டு வைத்தேன். அவன் காதை மடக்கி, உடம்பைத் தரையோடு ஒட்டிக்கொண்டு, என் காலடியிலேயே மறுபடியும் போனான். "எவ்ளோ திமிருடா உனக்கு" என்று மறுபடி கையை ஓங்கினேன்.

"விடுலே. அது பயத்துல போவுது."

அப்பா டிவியிலிருந்து திரும்பவில்லை. "அடிச்சா நிக்காது. உனக்குத் தெரியாம போவப் பழகும், அவ்வளவுதான்."

சுருட்டிய பேப்பர் கையிலேயே இருந்தது. கை மட்டும் ஏனோ நடுங்கியது.

நான் நாலாம் வகுப்பு படிக்கும்வரை படுக்கையில் போனவன். விடிந்ததும் அப்பா என் கோரைப்பாயையும் போர்வையையும் எடுத்துத் தெருவாசலில் கொடி கட்டிக் காயப்போடுவார். பின்னால் முற்றம் இருந்தது. அங்கே நல்ல வெயிலும் வரும். ஆனாலும் வாசலில்தான். "நாலு பேரு பாத்தாத்தான் சூடு சொரணை வரும்." ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகள் எல்லாம் அந்தக் கொடியைத் தாண்டித்தான் போவார்கள். நான் அதற்குள் தேறிவிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கமாட்டேன். ஈர டிரவுசரைச் சுருட்டி நெல் மூட்டைக்குப் பின்னால் திணித்துவிட்டு வேறு மாற்றிக்கொள்வேன். ஈரப்பாயைச் சுருட்டி மற்ற பாய்களுக்கு நடுவில் செருகிவைப்பேன். அது மக்கி நாற்றமெடுத்து மாட்டிக்கொண்டு, தனியாக அடி வாங்கியிருக்கிறேன். சோபாவுக்குப் பின்னால் போய் ஒளித்துவைக்கிற வேலையெல்லாம் மணிக்கு முன்பே நான் செய்துவிட்டேன்.

அடிச்சா நிக்காதுன்னு உங்களுக்கு எப்பப்பா தெரியும்? அந்தக் கேள்வி தொண்டைவரை வந்தது. மாப்பை எடுத்துக்கொண்டு வந்து துடைத்தேன்.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு வாசல் கதவு சத்தம் கேட்டு எழுந்தேன். அப்பா சட்டை போட்டுக்கொண்டு கயிற்றோடு நின்றிருந்தார். முட்டி வலிக்காரர். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் முப்பத்தாறு படிகள். நான் போகிறேன் என்று சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து அது அவர் வேலையாகிவிட்டது. விடிந்ததும் ஒருமுறை, அவன் சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில் ஒருமுறை, தூங்கி எழுந்தால் உடனே ஒருமுறை. பக்கத்துக் காலி மனையில் மேடாக ஒரு மண் குவியல் உண்டு, மழையிலும் தண்ணீர் நிற்காது. அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு எதுவும் பேசாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். அவன் போய் முடித்ததும் சட்டைப்பையிலிருந்து நாலு பொட்டுக்கடலை. அதற்குப் பிறகுதான் உலா. எந்தக் கம்பத்தில் எவ்வளவு நேரம் நின்றாலும் இழுக்கமாட்டார். நான் பத்துப் பக்கம் படித்துக் கண்டுபிடித்ததை அவர் யாரிடமும் கேட்காமல் செய்துகொண்டிருந்தார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பொறாமை மணி மேல்.

மூன்று வாரத்தில் வீட்டுக்குள் போவது குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. இப்போதும் இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான்.

டிசம்பரில் ஒருநாள் ராத்திரி அப்படித்தான். கரண்ட் வேறு இல்லை. செல்போன் வெளிச்சத்தில் அப்பாவின் கட்டிலுக்கு அடியில் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். மணி மூலையில் ஒடுங்கி, நான் அடிப்பேனா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை இன்னும் அவனிடம் போகவில்லை. அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன்.

"உங்கம்மா சொல்லுவா" என்றார் மேலேயிருந்து. "பின்னாடி முத்தத்துல காயப்போடுங்கன்னு. தெனமும் சொல்லுவா."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் மேலே ஏதாவது சொல்வார் என்று அப்படியே குந்தியிருந்தேன். மழைச் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "ம்" என்றேன். துணியை வாளியில் பிழிந்து, இன்னொரு முறை துடைத்தேன்.

காலையில் நான் எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பால்கனிக்குப் போய் எட்டிப்பார்த்தேன். கீழே மண் குவியலுக்குப் பக்கத்தில் அப்பா குடையை மணிக்குப் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் பாதி நனைந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அந்தத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"மணி வெளிய போயிட்டான்!"