ஒற்றி எடுத்தல்

பக்கவாதத்தில் மூன்று வருஷமாகப் படுத்திருந்த ஒரு பெரியவரின் முதுகுப் புண்ணுக்குக் கட்டுப் போடத்தான் அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். வேளாங்கண்ணிப் பக்கம், கடலுக்கு ரொம்பக் கிட்டே. ஐப்பசி மழை விட்டிருந்தது. ஆனாலும் கொடியில் கிடந்த துணி ஒன்றுகூடக் காயவில்லை. நான் வேலையை முடிக்கும்வரை அவர் மனைவி பக்கத்திலேயே நின்றார். அவர் நின்ற விதம்தான் எனக்கு உறுத்தியது. இரண்டு கைகளையும் உடம்போடு சேர்க்காமல் சற்று விரித்து வைத்திருந்தார். ரவிக்கையின் அடிப்பட்டியை இரண்டு விரலால் அடிக்கடி முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்கு மாருக்குக் கீழ எரிச்சல் இருக்கா?" என்று கேட்டேன்.

"அது வேர்வை சிஸ்டர். அவர மொதல்ல பாருங்க."

அவரைப் பார்த்தாயிற்று, இனி உங்களைத்தான் பார்க்கணும் என்று கதவைச் சாத்தினேன். மார்பைத் தூக்கிக் காட்டியபோது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு பக்கமும் தோல் அவிந்துபோய், நடுவில் நீளமாக வெடித்திருந்தது. ஐந்து மாசமாம். மகனிடம் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டார்.

வீடு வீடாகப் போய்ப் படுக்கை நோயாளிகளைப் பார்க்கும் வேலையில் எனக்கு 22 வருஷம் ஆகிறது. மார்புக்கு அடியில், தொடையிடுக்கில், அடிவயிற்று மடிப்பில் வரும் இந்தப் புண் ஆரம்பத்தில் வீட்டிலேயே ஆற்றிவிடக்கூடியது. அது முற்றிப்போவதற்குப் பெரும்பாலும் கூச்சமே காரணம். அதனால் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். "புண் இருக்கிறதா" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும். "இந்தப் புழுக்கத்தில் எல்லோருக்கும் வெந்துபோகிறதே, உங்களுக்கு எந்த இடத்தில்?" என்று கேட்டால் விரல் அந்த இடத்துக்குப் போகும்.

தோலோடு தோல் ஒட்டிக்கிடக்கும் இடத்தில் வேர்வை ஆவியாகிப் போக வழியில்லை. ஊறிய தோல் லேசான உராய்வுக்கே உரிந்துவிடும். அந்த ஈரத்தில், நம் உடம்பில் எப்போதும் இருக்கிற கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை பெருகுகிறது. பெரிய சிவப்புத் திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் சிதறியிருந்தால், மடிப்பின் ஆழத்தில் தயிர்போல வெள்ளையாகப் படிந்திருந்தால், பெரும்பாலும் அதுதான். ஓரம் மட்டும் தடித்து, வட்டமாகப் பரவி, நடு தெளிந்து வந்தால் படர்தாமரை. சிவப்பு என்று எழுதினேன்; எங்கள் பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. அந்தப் படங்களெல்லாம் வெள்ளைத்தோல் படங்கள். நம் கருந்தோலில் சிவப்பைத் தேடினால் ஏமாந்துபோவோம். கருஞ்சிவப்பாக, கத்தரிப்பூ நிறமாக, சில சமயம் சுற்றியுள்ள தோலைவிட இன்னும் கறுப்பாகத் தெரியும். நான் நிறத்தைவிட மினுமினுப்பையும் சூட்டையும்தான் நம்புகிறேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஊறிய தோல் ஈரச் சாந்துபோல மின்னும். புறங்கையை வைத்தால் கொதிக்கும்.

அந்த அம்மாவிடம் மருந்தைப் பற்றிப் பேசவே அரைமணி நேரம் ஆனது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது குளிப்பாட்டுதலும் உலர்த்துதலும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, உள்ளங்கை மட்டும் போதும்; நார் கூடாது, டெட்டால் கூடாது, மஞ்சள் தேய்க்கக்கூடாது. பிறகு துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். துண்டைக் கையில் கொடுத்தால் துடைப்பார்கள். 40 வருஷம் பாத்திரம் துடைத்த கை அது. அதனால் என் கையை அவர் கைமேல் வைத்து, அழுத்து, எடு, அழுத்து, எடு என்று பழக்குகிறேன். அதற்குப் பிறகு மல்லாந்து படுத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, மின்விசிறிக் காற்று நேராகப் படும்படி பத்து நிமிஷம். தொப்பை மடிப்பென்றால் யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். காலையும் இரவும் இதைச் செய்ய வேண்டும். முடி உலர்த்தும் கருவி இருக்கிற வீட்டில் குளிர்காற்றில் மட்டும் வைக்கச் சொல்வேன். சர்க்கரையால் தோல் மரத்துப்போனவர்களுக்குச் சுடுவது தெரியாது.

தேங்காயெண்ணெயைப் பற்றிக் கேட்காத வீடே இல்லை. வறண்ட காலுக்கும் கைக்கும் அது நல்லதுதான். ஈரம் அடைபட்ட மடிப்பில் போட்டால் அந்த ஈரத்துக்கே மூடி போட்டதுபோல் ஆகும். பவுடரும் அப்படித்தான், வேர்வையில் கட்டிகட்டியாகத் திரண்டு, உப்புத்தாள்போல உரசும்.

துணி விஷயத்தில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பாட்டிக்கு மடிப்புக்குள் பஞ்சையும் காஸையும் திணித்துவிட்டு வந்தேன். மறுநாள் போனால் அத்தனையும் நனைந்து நாறிக்கொண்டிருந்தது. எடுக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. பாட்டி என்னைத் திட்டவில்லை. அவர் பல்லைக் கடித்துக்கொண்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. இப்போது பழைய வேட்டித்துணியைப் பட்டையாகக் கிழித்து, ஒரே ஒரு மடிப்பாக வைக்கிறேன். துணியின் முனை மடிப்புக்கு வெளியே நாலு விரல்கடை நீண்டிருக்க வேண்டும். உள்ளே உறிஞ்சிய ஈரம் அந்த முனை வழியாகக் காற்றில் காயும். தொட்டுப் பார்த்து, சில்லென்று இருந்தால் மாற்ற வேண்டியதுதான். மழைக்காலத்தில் இந்தப் பட்டைகளையும் உள்ளாடையையும் இஸ்திரி போட்டே ஆகவேண்டும். இரவில் உள்ளாடையைக் கழற்றிவிட்டுப் படுக்கச் சொன்னால் பல அம்மாக்கள் திடுக்கிடுவார்கள். அடிவயிற்று மடிப்புக்குள் பாவாடை நாடா புதைந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அகலமான பட்டி வைத்துத் தைத்துக்கொள்ளச் சொல்வேன்.

வெறும் ஊறல்தான், பூஞ்சை இல்லை என்றால் துத்தநாக ஆக்சைடு களிம்பு போதும். அது தோலுக்குமேல் குடைபோல நிற்கும். கேண்டிடா என்றால் க்ளோட்ரிமசோல் 1 சதவீதக் களிம்பு, தினம் இரண்டு வேளை, இரண்டிலிருந்து நாலு வாரம். பட்டாணி அளவு எடுத்து, திட்டின் ஓரத்தைத் தாண்டி ஒரு விரல்கடை வரைக்கும், வெள்ளை தெரியாதபடி மெல்லியதாக. அப்பிப் பூசினால் அதுவே ஈரம். அரிப்பு நின்ற அன்றே நிறுத்திவிடுவார்கள். தோல் தெளிந்த பிறகும் ஒரு வாரமாவது பூச வேண்டும்.

அந்த அம்மாவின் தலையணைக்கடியில் ஏற்கெனவே ஒரு டியூப் இருந்தது. "மருந்துக் கடையில அரிப்புக்குன்னு கேட்டேன், குடுத்தாங்க" என்றார். எழுத்தைப் படித்தேன். வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் ஒன்றாக. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. பூசிய இரண்டாம் நாள் அரிப்பு அடங்கும். அதனால் நல்ல மருந்து என்று நம்புவார்கள். அடங்குவது உடம்பின் எதிர்ப்புத்தான். பூஞ்சை அடியில் நிம்மதியாகப் பரவும். மடிப்புத் தோல் மெல்லியது, மூடியே கிடப்பது; மருந்து வேகமாக உள்ளே இறங்கி, தோலைக் காகிதம்போல ஆக்கி, ஆறாத வரிகளை விட்டுவிடும். 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேல்பூச்சுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று அறிவித்தது. தலையணைக்கடியில் இன்னும் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வழக்கமான மாத்திரைக்கு அடங்காத படர்தாமரை நாடெங்கும் பரவியதற்கு இந்தக் கலவைக் களிம்புகளும் ஒரு காரணம் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். அந்தப் பூஞ்சை வகைக்கு 2020-இல் வைத்த பெயரிலேயே இந்தியா இருக்கிறது: ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினே.

அடுத்து விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தேன். சர்க்கரை 286. அதுவரை அவருக்குத் தெரியாது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023-இல் சொன்னது. அதில் எத்தனையோ பேருக்கு முதல் அறிகுறி இப்படி மடிப்பில் வந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். திரும்பத் திரும்ப வரும் புண் என்றால் களிம்பை மாற்றுவதற்கு முன்னால் சர்க்கரையைப் பார்ப்பது என் வழக்கம். ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவர் என்றால் மாத்திரை அட்டையையும் வாங்கிப் பார்ப்பேன். டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும். பிறப்புறுப்புப் பக்கம் பூஞ்சை வர அதுவும் காரணமாகலாம். தானாக நிறுத்தக்கூடாது, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது. காய்ச்சல், சீழ், வேகமாகப் பரவும் வீக்கம், இரண்டு வாரமாகியும் குறையாத புண் என்றால் ஆஸ்பத்திரிதான். சர்க்கரை நோயாளியின் தொடையிடுக்கில் தாங்க முடியாத வலியும் கறுத்த தோலும் கெட்ட வாடையும் சேர்ந்தால் அன்று இரவே கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று இருக்கக்கூடாது. ஒரு மார்க்காம்பில் மட்டும் ஆறாத புண் வேறு கதை. அதையும் காட்டியே ஆகவேண்டும். எங்கள் டெல்டாவில் நடவு செய்கிறவர்களின் சேற்றுப்புண்ணை யாரும் நோயாகவே எண்ணுவதில்லை. அந்த விரலிடுக்கு வெடிப்பு வழியாகக் கிருமி ஏறி, முழங்கால்வரை கால் வீங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிளம்பும்போதுதான் பெரியவரின் இடது கை ஞாபகம் வந்தது. பக்கவாதத்தில் இறுக மூடிய கை. உள்ளங்கையும் ஒரு மடிப்புத்தானே. விரலைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகும், வலிக்கும். மணிக்கட்டை மெதுவாக உள்பக்கமாக வளைத்தால் விரல்கள் தாமாகத் தளரும். விரிந்தபோது வாடை வந்தது. நகம் பதிந்த இடம் வெளுத்து ஊறியிருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, நகம் வெட்டி, வேட்டித்துணிச் சுருள் ஒன்றை உள்ளே வைத்தேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் கழித்துப் போனேன். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை தொடங்கியிருந்தார்கள். மார்புக்கடியில் வெடிப்பு மூடி, இளம் தோல் வந்திருந்தது. கொடிக்குப் பதிலாக நாற்காலி முதுகில் இஸ்திரி போட்ட பட்டைகள் வரிசையாகத் தொங்கின. நான் பையைத் திறப்பதற்குள் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கணவரின் மணிக்கட்டை வளைத்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அழுத்தினார், எடுத்தார், அழுத்தினார், எடுத்தார்.