கரையில் நிற்கும் குதிரைகள்

புதிய மொழி ஒன்றைக் கற்பதற்கென்று கடல் கடந்து செல்பவர் முதலில் இழப்பது தம் வயதைத்தான். தம் நாட்டில் அவர் பொறியியலாளராக இருக்கலாம். பத்துப் பேருக்கு ஆணையிடும் அதிகாரியாகவும் இருக்கலாம். பெரு நாட்டின் தலைநகராகிய லீமாவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து, வடக்கே ஏறத்தாழ 560 கிலோமீட்டர் கடந்து, துருகியோ நகரில் இறங்கி, வாஞ்சாக்கோ என்னும் கடற்கரைச் சிற்றூருக்குச் செல்லும் சிற்றுந்தில் அவர் ஏறி அமர்ந்ததும் நடத்துநர் ஏதோ கேட்பார். வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியங்களுள் ஒன்றும் அக்கேள்விக்கு விடையாகாது. காசுகளை உள்ளங்கையில் பரப்பி நீட்டுவார். நடத்துநர் வேண்டியதை எடுத்துக்கொள்வார். கடைக்கு அனுப்பப்பட்ட ஐந்து வயதுக் குழந்தையும் அப்படித்தான் நிற்கும்.

வழியில் மண்ணிறச் சுவர்கள் சிதைந்து கிடக்கும். அரைத் தூக்கத்தில் இருக்கும் பயணி அவற்றை வெறும் மண்மேடுகள் என்றே எண்ணுவார். அவை சிமூ மரபினர் சுடாத மண்கற்களால் எழுப்பிய சான் சான் என்னும் பழநகரின் எச்சங்கள். ஏறத்தாழ 20 சதுர கிலோமீட்டர் பரந்திருந்த அந்நகரை 1986ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அச்சுவர்களைத் தேடி அவர் பின்னொரு நாள் வருவார். அன்றைக்கு அவருக்கு வேண்டியது ஒரு படுக்கை.

தென்னை நிழலையும் வெதுவெதுப்பான நீரையும் கனவு கண்டு வருபவரை வாஞ்சாக்கோ ஏமாற்றிவிடும். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே எட்டுப் பாகை அளவில்தான் அவ்வூர் உள்ளது. ஆயினும், தெற்கிலிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டத்தால் கடல் குளிர்ந்து கிடக்கும். கரைக்கு அப்பால் பாலைநிலம். காலைப் பொழுதில் சாம்பல் நிற மூடுபனி. மாணவர் தங்குவது பெரும்பாலும் உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். ‘களைத்திருக்கிறேன்’ என்பதற்குக் ‘கான்சாதோ’ என்னும் சொல்லைப் பயன்படுத்த வேண்டும். இடையில் உள்ள மெல்லொலியை விழுங்கிவிட்டால் அது ‘காசாதோ’ ஆகிவிடும்; அதற்கு ‘மணமானவன்’ என்று பொருள். கேளாத வீட்டாரிடம் தம் திருமணச் செய்தியை அறிவித்துவிட்டு முதல் இரவில் உறங்கச் செல்ல நேர்வதும் உண்டு.

வகுப்பறையில் வேறு வகையான சோதனைகள். ‘பெரோ’ என்று மெல்ல ஒலித்தால் ‘ஆனால்’. அதே சொல்லில் நாவை அதிரவிட்டுப் ‘பெற்ரோ’ என்பதுபோல் ஒலித்தால் ‘நாய்’. ரகர றகர வேறுபாட்டுக்காக அரத்தையும் அறத்தையும் கரும்பலகையில் எழுதி எழுதி அழித்த தமிழாசிரியருக்கு இத்தொல்லையை விளக்க வேண்டியதில்லை. வினைச்சொற்களிலோ ஆங்கிலம் பேசி வளர்ந்த மாணவர் திகைத்துப்போவார். ‘ஆப்லோ’ என்றாலே ‘பேசுகிறேன்’. ‘ஆப்லாஸ்’ என்றாலே ‘பேசுகிறாய்’. வினைமுற்றின் ஈறே இடத்தைக் காட்டிவிடுவதால் ‘நான்’, ‘நீ’ என்று தனியே சொல்ல வேண்டுவதில்லை. ‘மே குஸ்தா’ என்பது ‘எனக்குப் பிடிக்கிறது’ என்பதைப் போலவே அமைந்தது. அங்கே பிடிக்கும் பொருள்தான் எழுவாய். தமிழறிந்தவர் இவ்விடங்களைத் தடையின்றிக் கடப்பார். ஆனால், ‘இருத்தல்’ என்பதற்கு அங்கே இரண்டு வினைகள் உள்ளன. இயல்பைச் சொல்ல ஒன்று, நிலையைச் சொல்ல மற்றொன்று. அவற்றில் எல்லாரும் ஒன்றுபோலவே வழுக்குவர்.

வகுப்பு முடிந்து கடற்கரைக்கு வந்தால் பாடம் தொடரும். வரிசையாக நிமிர்த்தி வைக்கப்பட்ட நாணற் படகுகள் அங்கே நீர் வடிய நிற்கும். கோரையினத்தைச் சேர்ந்த தொத்தோரா என்னும் புல்லைக் கரையோர நீர்க்குழிகளில் வளர்த்து, அறுத்து, உலர்த்தி, இறுகக் கட்டி மீனவர் அவற்றைச் செய்கின்றனர். முன்புறம் கூராக மேல்நோக்கி வளைந்திருக்கும். பிளந்த மூங்கிலே துடுப்பு. சில வாரங்களில் நீரூறிக் கனத்துவிடும். பிறகு புதிதாகக் கட்ட வேண்டும். ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்கு முன் மோச்சே மக்கள் வனைந்த மட்கலங்களிலும் இத்தகைய படகுகளைக் காணலாம். 2003ஆம் ஆண்டில் பெரு அரசு இப்படகை நாட்டின் பண்பாட்டு உடைமையாக அறிவித்தது.

அதன் பெயர் என்னவென்று மாணவர் கேட்பார். ‘கபயீத்தோ தே தொத்தோரா’ என்று விடை வரும். ‘நாணற் குதிரைக்குட்டி’ எனலாம். அகராதியைப் புரட்டும் பழக்கம் உள்ளவர் இங்கே சற்று நிற்பார். குதிரை அக்கரைக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில், ஸ்பானியரோடு. ‘தொத்தோரா’ மலைநாட்டுக் கெச்சுவா மொழியின் சொல். படகோ இவ்விரண்டு மொழிகளும் இக்கரையை அடைவதற்கு முன்பே அலைமேல் சென்றது. அதைக் கட்டியவர்களின் மொழி அதன் பெயரில் இல்லை.

இக்கரையில் மோச்சிக்கா, கிங்னாம் முதலிய மொழிகள் வழங்கின. மோச்சிக்காவுக்கு 1644ஆம் ஆண்டில் பெர்னாந்தோ தே லா கரேரா என்னும் பாதிரியார் இலக்கணம் ஒன்றை வெளியிட்டார். எனவே மறைந்த பின்னும் அதன் வடிவம் ஓரளவு தெரிகிறது. சிமூ அரசின் மொழியாகக் கருதப்படும் கிங்னாமுக்கு அத்தகைய நூல் கிடைக்கவில்லை.

2008ஆம் ஆண்டில், வடக்கே மக்தலேனா தே காவோ என்னும் இடத்தில், இடிந்து விழுந்த பழைய தேவாலயத்தை அகழ்ந்தவர்களுக்கு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த ஒரு தாள் கிட்டியது. கடிதம் ஒன்றின் பின்புறத்தில் யாரோ எண்களைக் குறித்திருந்தார். முதல் மூன்றும் ஸ்பானியச் சொற்கள். நான்கிலிருந்து வெறும் இலக்கங்கள். அவற்றை ஒட்டி, வழக்கொழிந்த ஒரு மொழியின் எண்ணுப்பெயர்கள். 2010ஆம் ஆண்டில் ஆய்வாளர் அதனை வெளியிட்டனர். கிங்னாமாக இருக்கலாம், மீனவர் மொழி என்று ஸ்பானியர் குறித்த வேறொன்றாகவும் இருக்கலாம். எழுதியவர் யார்? பாடக் குறிப்பேட்டைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அவரும் ஒரு மாணவராகவே தோன்றுவார். ஒன்று, இரண்டு என்று தொடங்கி, அக்கரையின் மக்களிடம் அவர்கள் மொழியைக் கேட்டுக் கேட்டுக் குறித்தவர்.

இதற்காக ஸ்பானிய மொழியைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. மாணவர் தண்ணீர் கேட்பதும் நன்றி சொல்வதும் அம்மொழியால்தான். மீனவர் தம் பிள்ளைகளைக் கொஞ்சுவதும் இன்று அம்மொழியில்தான். அவர்களுக்கு அது அயல்மொழியன்று.

மாலையில் மூடுபனி மீண்டும் இறங்கும். அன்றைய பாடத்தை நினைத்துக்கொண்டு மாணவர் கரையில் நிற்கும் படகுகளை விரல்நீட்டி எண்ணத் தொடங்குவார். ஊனோ, தோஸ், திரேஸ் என்பவை தடையின்றி வரும். நான்காவது படகில் நாக்குத் தடுமாறும். ஈரப் படகை நிமிர்த்திக்கொண்டிருக்கும் முதிய மீனவர் திரும்பிப் பாராமலே ‘குவாத்ரோ’ என்று எடுத்துக்கொடுப்பார்.