ரோஸ் கலர் கூலன்ட்

அப்பாவின் ஃபியட்டுக்கு என் சம்பளத்தில் முதன்முதலாக நான் வாங்கிக்கொடுத்தது ஐந்து லிட்டர் கூலன்ட். ரோஸ் கலர். டப்பாவில் ‘லாங் லைஃப்’ என்று போட்டிருந்தது. கடையில் இருந்ததிலேயே விலை அதிகம் அதுதான். அதனால் நல்லதும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வண்டி பிரீமியர் பத்மினி, 1989 மாடல். ஆனால் கரூரில் எங்கள் தெருவில் யாரும் அதைப் பத்மினி என்று சொன்னதில்லை. ‘ஃபியட்டு’தான். அப்பா அதற்குப் பச்சை கூலன்டை மழைத்தண்ணீரில் கலந்து ஊற்றுவார். எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படியும். அதே உப்பு ரேடியேட்டரின் சன்னமான குழாய்களிலும் படியும் என்பது அவர் கணக்கு. மழை வந்ததும் உடனே குடத்தை வைக்க விடமாட்டார். “மொதக் கால் மணி நேரம் போகட்டும். மாடித் தூசியெல்லாம் கழுவிட்டு ஓடட்டும்” என்பார். கஞ்சத்தனத்துக்கு இப்படியும் ஒரு சாக்கா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேடியேட்டரின் அடியில் திறந்துவிட்டுப் பச்சையை வடித்தேன். ரோஸை ஊற்றினேன். அப்பா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நம்ம வண்டிக்கு இது சேருமா கண்ணு?”

“புது டெக்னாலஜிப்பா. அஞ்சு வருஷத்துக்கு மாத்தவே வேண்டாம். உங்களுக்கு இதெல்லாம் தெரியாது, விடுங்க.”

அவர் விட்டுவிட்டார்.

மூன்று வாரம் கழித்து அக்கா மகளுக்குக் கொல்லிமலையில் காதுகுத்து. குலதெய்வம் அங்கேதான். அக்கா குடும்பமும் அம்மாவும் முந்தின நாளே வேனில் போய்விட்டார்கள். எனக்கு லீவு கிடைக்கவில்லை. ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கி, விடியற்காலையில் அப்பாவோடு ஃபியட்டில் கிளம்பினேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். பத்து மணிக்கு முகூர்த்தம்.

காரவல்லியிலிருந்து மேலே ஏற 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் பத்தைத் தாண்டியதுமே அப்பா என் கையைப் பார்ப்பதை விட்டு டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்க ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டியதும், “ஓரமா நிறுத்து” என்றார். “இன்னும் கொஞ்சந்தான்ப்பா” என்றேன். “நிறுத்துடா” என்றார். அவர் என்னை ‘டா’ போட்டு அதட்டியது அபூர்வம். நிறுத்தி பானட்டைத் தூக்கினால் ஆவி.

மூடியைத் திறக்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். சூட்டோடு திறந்தால் உள்ளே அழுத்தத்தில் இருப்பதெல்லாம் முகத்தில்தான் அடிக்கும். “முக்கா மணி நேரமாவது ஆறணும். நீ வர்ற பஸ்ஸைக் கைகாட்டி ஏறிக்க. நான் வண்டிகிட்ட இருக்கேன்.”

“நீங்க வராமயா?”

“மாமன்தான் வேணும். தாத்தன் இல்லாட்டியும் காது குத்துவாங்க.”

பஸ் ஒன்று வந்தது. ஏறினேன். குழந்தை என் மடியில் வீறிட்டு அழுதபோது அம்மா கூட்டத்தில் அப்பாவைத் தேடினாள். “வண்டில சின்ன பிரச்சனை” என்று மட்டும் சொன்னேன்.

மதியம் இலையில் சோறு கட்டி எடுத்துக்கொண்டு இறங்கினேன். அப்பா தடுப்புச்சுவரில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தில், மூடியின் அடியிலிருந்தும் ரேடியேட்டர் வாயிலிருந்தும் வழித்தெடுத்த காவி நிறக் களி. அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “குழந்தை ரொம்ப அழுதாளா?” என்றுதான் கேட்டார்.

குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, இறக்கத்தில் மெதுவாக உருட்டி, நாமக்கல் வந்து சேர்ந்தோம். லாரிகளின் ஊர். ரேடியேட்டர் வேலைக்கு அங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. பட்டறைக்கார பாய் மேல்தொட்டியின் ஈயப்பற்றை இளக்கிக் கழற்றினார். உள்ளே பாதிக் குழாய்கள் அடைத்திருந்தன. “பச்சை மேல ரோஸை யாருங்க ஊத்துனது?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “நாந்தாங்க. தெரியாம ஊத்திட்டேன்” என்றார்.

பாய் ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டு எடுத்தார். “நல்ல நேரத்துல நிறுத்திருக்கீங்க. இன்னும் நாலு வளைவு ஏறியிருந்தா ஹெட்டு வளைஞ்சிருக்கும்.”

பெங்களூர் திரும்பியதும் இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். எல்லாக் கூலன்டிலும் அடிப்படை பெரும்பாலும் ஒன்றுதான்: எத்திலீன் கிளைக்கால். தண்ணீரோடு சரிபாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. கரூரில் அதற்கு வேலையில்லை. கொதிநிலை ஏழு டிகிரி போலக் கூடும், அது கொஞ்சம் உதவும். நமக்கு முக்கியம் அதில் கலந்திருக்கும் அரிப்புத் தடுப்பான்கள். வித்தியாசமும் அங்கேதான்.

பழைய வகையில் சிலிக்கேட், பாஸ்பேட் போன்ற உப்புகள். உலோகத்தின் மேல் சீக்கிரமே மெல்லிய படலம் போட்டுவிடும். ஆனால் சீக்கிரம் தீர்ந்தும் போகும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புது வகையில் ஆர்கானிக் அமிலங்கள். அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் வேலை செய்வதால் மெதுவாகத் தீரும், ஐந்து வருடம்கூட வரும். அலுமினிய ரேடியேட்டர் உள்ள இன்றைய வண்டிகளை மனதில் வைத்து வந்தது அது. பத்மினி வேறு சாதி. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், செம்பும் பித்தளையுமான ரேடியேட்டர், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் ஈயப்பற்று. ஒரே தண்ணீரில் இத்தனை உலோகங்கள் நனைந்தால் ஒன்று இன்னொன்றை அரிக்கும். புது வகையில் பலவற்றுக்கு ஈயப்பற்றைக் காப்பாற்றத் தெரியாது. சில பழைய ரப்பர், சிலிகான் சீல்களை அவை இளக்கிவிடுவதும் உண்டு.

நான் செய்தது அதையும்விட மோசம். ரேடியேட்டரை மட்டும் வடித்தேன். இன்ஜின் பிளாக்கில் தேங்கியிருந்த பச்சை அப்படியே இருந்தது. இரண்டு வகையும் கலந்தால் சில சமயம் இப்படித்தான் களியாகும். கலந்தது களியாகாவிட்டாலும் தடுப்பான்கள் வலுவிழக்கும். இதில் நிறத்தை நம்பவே கூடாது. அது வெறும் சாயம். எந்தக் கம்பெனியும் எந்த வகைக்கும் எந்த நிறத்தையும் போடலாம். டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும். நான் முன்பக்கத்தை மட்டும் படித்தேன்.

ரோஸ் கெட்டது என்று சொல்லவில்லை. அக்காவின் புது காருக்கு அதுதான் சரி. அப்பாவின் பச்சையை அதில் ஊற்றினால் அதுவும் தப்புதான்.

இப்போது அப்பா ஓட்டுவதில்லை. கண் பார்வை போதவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நான் வந்து மாற்றுகிறேன். சிலிக்கேட் உள்ள பழைய வகை, செம்பு, பித்தளை, ஈயப்பற்றுக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பது. பிளாக்கையும் சேர்த்து வடித்து, வடிகிற தண்ணீர் தெளியும்வரை அலசுகிறேன். வடித்ததைச் சாக்கடையில் விடுவதில்லை. இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும். டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடுகிறேன்.

போன ஐப்பசியில் மாற்றும்போது, கலப்பதற்கு டிஸ்டில்டு வாட்டர் கேன் வாங்கி வந்திருந்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். லேசாகத் தூறல் விழ ஆரம்பித்தது.

“அந்தக் கேனு எவ்வளவு கண்ணு?”

சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, வானத்தைப் பார்த்தார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்க் குடத்தை எடுத்துவந்தேன். மாடிக் குழாயடியில் வைக்கப் போனேன்.

“இரு இரு” என்றார். “கால் மணி நேரம் போகட்டும்.”