கன்றுக்குட்டி பார்க்கப் போகலாம்

தென்னூர் உழவர் சந்தைக்குத் தாயாரோடு போய்வரும் குழந்தைக்கு முருங்கைக் கீரை தெரியும், சுரைக்காய் தெரியும். பால் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மட்டும், "ஆவின் பூத்திலிருந்து!" என்று உடனே பதில் வரும். குழந்தையின் பேரில் குற்றம் ஒன்றுமில்லை. மாடிக்கு மேல் மாடியாக வீடுகள் எழும்பிவிட்ட பேட்டையில் தொழுவத்துக்கு இடம் ஏது? ஆகையால் விடுமுறை நாளொன்றில் குழந்தைகளை அழைத்துப் போய், உயிருள்ள கன்றுக்குட்டி ஒன்றைத் தடவிப் பார்க்கும்படி செய்யவேண்டும் என்று பெற்றோருக்குத் தோன்றுவது மிகவும் நியாயம்.

மேல்நாடுகளில் இதற்கென்றே பண்ணைகள் வைத்திருக்கிறார்கள். டிக்கெட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால், ஆட்டுக்குட்டியையும் முயலையும் மடியில் வைத்துக் கொஞ்சலாம். நமக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வேண்டியதில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கத் தீவில் பிராணிகளோடு பழகும் இடங்கள் பல இருக்கின்றன. ஆனால் எங்கே போவது என்பதைவிட, அங்கே போய் என்ன செய்வது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொள்வது முக்கியம். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

விடியற்காலையில் எழுந்திருக்கக்கூடிய குடும்பமானால், ஸ்ரீரங்கத்தில் விசுவரூப தரிசனத்துக்குப் போகலாம். திரை விலகும் நேரத்தில் சந்நிதியில் யானையும் பசுவும் நிற்கும். பசு மட்டும் பெருமாளுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். "மரியாதை தெரியாத மாடு!" என்று குழந்தைகள் சிரிப்பார்கள். லக்ஷ்மி வாசம் செய்யும் இடம் அதுதான் என்று பாட்டி சொல்லிச் சமாதானம் செய்ய வேண்டும். திருவானைக்காவில் உச்சிக்காலப் பூஜை இன்னும் விசேஷம். அர்ச்சகர் புடவை உடுத்தி, கிரீடம் தரித்து, அகிலாண்டேசுவரியின் கோலத்தில் ஜம்புகேசுவரரைப் பூஜிக்க வருவார். அதோடு கோபூஜையும் உண்டு. ஊரின் பெயரே ஓர் யானையினால் ஏற்பட்டதல்லவா? யானைக்கும் சிலந்திக்கும் நடந்த போட்டியைப் போகும் வழியில் சொல்லி வைத்தால், கூட்டத்தில் குழந்தைகள் சிணுங்கமாட்டார்கள்.

இவையெல்லாம் பார்ப்பதற்கு. தொடுவதற்கு ஏற்ற இடம் பசுமடமே. கோயிலுக்குக் காணிக்கையாக வந்த பசுக்களை அங்கே வளர்க்கிறார்கள். மேய்ப்பவரைக் கேட்டுக்கொண்டு, சாதுவான மாடாகப் பார்த்து, பின்பக்கமாகப் போகாமல் அதன் கண்ணில் படும்படி பக்கவாட்டில் நெருங்க வேண்டும். முகத்தைத் தட்டுவதைவிடக் கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியைச் சொறிந்து கொடுப்பதுதான் அதற்குப் பிரியம். கழுத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்பது போல நிற்கும். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பற்களே கிடையாது என்பதையும், அதன் நாக்கு அரம் போலச் சொரசொரப்பாக இருப்பதையும் குழந்தை தானே கண்டுபிடிக்கட்டும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். பசுமடத்துக்குப் போகிறோம் என்றதும் நம் வீட்டு ஸ்திரீகள் என்ன செய்கிறார்கள்? ஒரு பாத்திரம் நிறையச் சோறு, வெல்லம் போட்ட பொங்கல், ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் புண்ணியம் என்று நினைத்துக் கட்டிக்கொள்கிறார்கள். பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. பெரிய அறையிலே கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் வசிக்கின்றன. வைக்கோலையும் புல்லையும் அவை நிதானமாகப் புளிக்க வைத்து மாட்டுக்கு ஆகாரமாக்குகின்றன. அந்த இடத்தில் திடீரென்று மாவுச்சத்து நிறைந்த சோறு ஏராளமாகப் போய் விழுந்தால், அது வெகு சீக்கிரம் புளித்து வயிறு முழுவதும் அமிலமாகிவிடும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், வயிறு உப்பும், படுத்துவிடும். வைத்தியம் தாமதமானால் உயிரே போய்விடுவதும் உண்டு. பொங்கல் பண்டிகையை ஒட்டி நம் ஜில்லாக்களின் கால்நடை வைத்தியர்களுக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல. நாம் கொடுத்தது ஒரு கைப்பிடிதானே என்று தோன்றலாம். நமக்கு முன்னால் நூறு பேர் அப்படியே நினைத்திருப்பார்கள்!

எனவே சோற்றுப் பாத்திரம் வீட்டிலேயே இருக்கட்டும். பசும்புல் ஒரு கட்டு, அல்லது அகத்திக்கீரை கொஞ்சம், அதுவும் மேய்ப்பவர் சம்மதித்தால் மட்டும். கீரையைச் சுற்றிய பிளாஸ்டிக் பையைப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். மாடு அதையும் தின்றுவிடும்.

கை கழுவுகிற விஷயத்தையும் அலட்சியம் செய்யலாகாது. இங்கிலாந்தில் காட்ஸ்டோன் என்ற ஊர்ப் பண்ணையில் 2009-ஆம் வருஷம் ஆடுமாடுகளைத் தொட்டு விளையாடிவிட்டுப் போனவர்களில் 90 பேருக்கு மேல் கடும் வயிற்று நோய் கண்டது. பெரும்பாலோர் சிறு குழந்தைகள். பிராணிகள் ஆரோக்கியமாகவே இருந்தன. அவற்றின் சாணத்தில் இருந்த கிருமி மனிதரைப் பிடித்துக்கொண்டது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் இதற்கு மருந்து. கைப்பையில் இருக்கும் வாசனைத் திரவத்தைத் தடவிக்கொள்வது போதாது. கட்டுச்சாதத்தைப் பிரிப்பது கை கழுவிய பிறகே.

தொடக்கூடாத பிராணிகளிடமும் குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலூரில், 2015-இல் ஆரம்பித்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா அதற்கென்றே அமைந்தது போலிருக்கிறது. சுமார் 25 ஏக்கர் நிலம். நூற்றுக்கு மேற்பட்ட வகைப் பூச்சிகளை அங்கே கண்டு குறித்திருக்கிறார்கள். நக்ஷத்திர வனமும் ராசி வனமும் இருப்பதால் பெரியவர்களுக்கும் பொழுது போகும். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் வண்ணத்துப்பூச்சி பறக்கும். ஆகையால் காலை பத்து மணிக்கு முன்னால் போய்க் காத்திருப்பதில் பயனில்லை. இறகைப் பிடித்தால் விரலில் ஒட்டும் பொடி, அதன் நிறத்தைத் தரும் நுண்ணிய செதில்களாகும். ஒருமுறை உதிர்ந்தது மறுபடி முளைக்காது. இதை உள்ளே நுழைவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வாரத்தில் விடுமுறை நாள் எது என்று விசாரித்துக்கொள்வதும் அவசியம்.

ஆற்றுக்கு இக்கரையில், கரூர் சாலையில், கம்பரசம்பேட்டையில் 2025-இல் ஒரு பறவைப் பூங்கா திறக்கப்பட்டது. குறிஞ்சி முதல் பாலை வரை ஐந்திணைகளாக அதை வகுத்திருப்பது தமிழ் படிக்கும் குழந்தைகளுக்கு உற்சாகமூட்டும். அங்கேயுள்ள அந்நிய தேசத்துக் கிளிகளைப் பார்த்துவிட்டு, "வீட்டில் ஒரு பச்சைக்கிளி வளர்க்கலாமே" என்று பிடிவாதம் பிறக்கும். நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதைத் தகப்பனார் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எல்லா இடங்களையும் ஒரே நாளில் பார்த்துவிடும் திட்டம் வேண்டாம். வெயிலில் களைத்த குழந்தை மாட்டையும் மறக்கும், மயிலையும் மறக்கும். காலையில் பசுமடம், பத்து மணிக்குமேல் மேலூர் என்று வைத்துக்கொண்டு, பறவைகளை வேறொரு மாலைக்கு விட்டுவிடலாம். பெரம்பலூர்ப் பக்கம் உறவினர் இருந்தால், அடுத்த பிரயாணத்தில் திருச்சிக் கறுப்பு ஆட்டையும் பார்க்கலாம். நம் ஜில்லாவின் பெயரையே தாங்கியிருக்கும் அந்தச் செம்மறியின் முரட்டு ரோமத்தில்தான் கம்பளி நெய்வார்கள்.

வீடு திரும்பிய பிறகு, மாடியில் தொட்டியில் வைத்திருக்கும் கறிவேப்பிலைச் செடியைக் குழந்தைகள் சோதனை போடத் தொடங்குவார்கள். வண்ணத்துப்பூச்சியில் ஒருவகை அந்த இலையில்தான் முட்டையிடுகிறது. பறவை எச்சம் போலத் தோன்றும் சிறு புழு, சில நாளில் பச்சை நிறமாகிச் செடியை மொட்டையடித்துவிடும். அந்த வாரம் ரசத்துக்குக் கறிவேப்பிலையைச் சந்தையில் வாங்கிக்கொள்ளும்படி வீட்டு அம்மாளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது உசிதம்.