பேர்லினுக்கு எட்டு மணித்தியாலம்

பாரிஸிலிருந்து பேர்லினுக்கு விமானத்தில் இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது. ரயிலில் எட்டு. சித்தப்பாவுக்கு அந்த எட்டுத்தான் வேண்டும். பேர்லினில் பெறாமகளின் கலியாணம். மற்ற எல்லோரும் பிளேனுக்குப் போட்டாயிற்று. "பிளேனில போனா திரும்பவும் ஷோனஃபெல்ட்டிலதானே கொண்டுபோய் இறக்குவான்" என்பது அவர் சொன்ன காரணம்.

பகிடியாகச் சொன்னாலும் கணக்குச் சரி. 2020 ஒக்ரோபரில் திறந்த பேர்லின் பிராண்டன்பூர்க் விமான நிலையம் பழைய ஷோனஃபெல்ட்டை ஒட்டியே இருக்கிறது. எண்பதுகளின் நடுப்பகுதியில் எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் கிழக்கு ஜேர்மனிக்குச் சொந்தமாயிருந்த அந்த இடத்தில் இறங்கி, பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸ ரயில் நிலையம் வந்து, நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போனவர்கள். வேறு நாட்டுக்குப் போகிறவன்தானே என்று கிழக்கு விட்டுவிடும். நகரைப் பிரித்த கோட்டை எல்லை என்றே மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அந்தப் பக்கத்தில் கடவுச்சீட்டுக் கேட்க ஆளில்லை. இரண்டு பக்கத்து வீம்புக்கும் நடுவில் கிடந்த இடுக்கு அது. சித்தப்பா அந்த இடுக்கால் வந்தவர். அங்கிருந்து பாரிஸ் வந்து சேர்ந்த வழியை மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவார். அந்தப் பயணம் முழுக்க அவர் ரிக்கெற் எதையும் கண்ணால் கண்டதில்லை. எல்லாம் ஏஜென்சிக்காரன் கையில். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வழி, நேரம், இருக்கை எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து தானே பார்த்துச் சொல்கிறார். நான் கணினியில் தட்டுகிற ஆள் மட்டுமே.

முதலில் இரவு ரயில் கேட்டார். படுத்துப் போய் விடியத் தேத்தண்ணியோடு இறங்கலாம் என்று ஆசை. ஒஸ்ரியாவின் நைட்ஜெட் 2023 டிசம்பரில் இந்தத் தடத்தில் ஓடத் தொடங்கியது, கிழமைக்கு மூன்று நாள். பிரெஞ்சு அரசு கொடுத்துவந்த பணம் நின்றதும் 2025 டிசம்பரோடு அதுவும் நின்றது. அந்த இடத்தைப் பிரஸ்ஸல்ஸ் வழியாகத் தாங்கள் நிரப்புவதாக யூரோப்பியன் ஸ்லீப்பர் என்ற கூட்டுறவு நிறுவனம் அறிவித்தது. கலியாண முகூர்த்தத்தைப் புது ரயிலை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதோடு, ஆறு பேர் படுக்கும் அறையில் சித்தப்பாவின் குறட்டையை முன்பின் தெரியாத ஐந்து பேர்மேல் ஏவிவிடுவது நியாயமும் இல்லை.

அடுத்தது கேர்ல்ன் வழி. கார் து நோரில் யூரோஸ்ரார் ஏறினால் மூன்றரை மணித்தியாலத்துக்குள் கேர்ல்ன். அங்கே ஜேர்மன் ரயிலுக்கு மாற வேண்டும். படத்தில் பார்க்க அழகான வழி. கார்களுக்கும் லொறிகளுக்கும் எல்லையை எடுத்துவிட்ட ஐரோப்பா, ரயில் ரிக்கெற்றில் மட்டும் அதைப் பத்திரமாக வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு வேறு நிறுவனம், வேறு விற்பனைத் தேதி, வேறு சட்டதிட்டம். ஒரே ரிக்கெற்றாக எடுத்த பயணம் ஒரு மணித்தியாலம் பிந்தினால் காசில் 25 சதவீதமும், இரண்டு மணித்தியாலம் பிந்தினால் பாதியும் திருப்பித் தரவேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியச் சட்டம். இரண்டு ரிக்கெற்றாகத் தனித்தனியே வாங்கினால் இரண்டும் இரண்டு பயணம். முதலாவது பிந்தி இரண்டாவதைத் தவறவிட்டால் அது பெரும்பாலும் உங்கள் பாடு. ஜேர்மன் நெடுந்தூர ரயில்களில் 2024-இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம்தான். ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட தாமதம் அவர்கள் கணக்கில் தாமதமே இல்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஜேர்மனியர் நேரம் தவறாதவர்கள் என்று எங்கள் ஊரில் சொல்லித்தந்த வாத்தியார்கள் இந்த ரயில்களில் ஏறியதில்லை.

மிஞ்சியது நேர் ரயில். 2024 டிசம்பர் 16-இல் தொடங்கியது. ஐரோப்பாவின் கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில்தான் மாறும். புது ரயில்கள் பிறப்பதும் பழையவை சாவதும் அந்த நேரத்தில். பகல் ரயில், ஸ்ட்ராஸ்பூர்க், கார்ல்ஸ்ரூஹ, பிராங்ஃபேர்ட் வழியாகப் போகிறது. எங்கும் மாறத் தேவையில்லை. பிந்தினாலும் உட்கார்ந்தபடியே பிந்தலாம். ஸ்ட்ராஸ்பூர்க் வரையான அதிவேகப் பாதையில் மணிக்கு 320 கிலோமீற்றர். சோதனை ஓட்டம் ஒன்று 2007-இல் 574.8 தொட்டதும் இதே பாதையில்தான். தொடங்கியபோது ஆகக் குறைந்த கட்டணம் 59.99 யூரோ என்றார்கள். நாள் நெருங்க நெருங்க அந்த விலை காணாமல் போய்விடும். பிரெஞ்சுத் தளத்திலும் ஜேர்மன் தளத்திலும் ஒரே ரயிலுக்கு விலை வேறுபடலாம், இரண்டையும் திறந்து வைத்துப் பார்ப்பது நல்லது.

இருக்கை தெரிவில் ஒரு புத்தி. ஜேர்மன் ரயில்களில் அமைதிப் பகுதி என்று ஒன்று உண்டு. போனில் கதைக்கக் கூடாது. கலியாண வீட்டுக்குப் போகிற தமிழ்க் குடும்பம் அங்கே இருந்தால் ஸ்ட்ராஸ்பூர்க் வருமுன் ஒரு ராஜதந்திர நெருக்கடி வரும். நடுவில் மேசை உள்ள நாலு பேர் இருக்கையே எங்களுக்குத் தோது. சாப்பாட்டுக்குக் கவலை இல்லை: லாச்சப்பல் தமிழ்க் கடைகள் இருக்கும் ஃபோபூர் சன் தெனித் தெருவாலேயே தெற்கே நடந்தால் ரயில் புறப்படும் கார் து லெஸ்ற் வந்துவிடும். காலை ரயில் என்பதால் ரோல்ஸும் இடியப்பமும் முதல்நாள் பின்னேரமே எடுக்க வேண்டும். பெட்டியை நிறுக்க யாரும் இல்லை. ஊறுகாய்ப் போத்தலைத் திறந்து மணந்து பார்க்கவும் யாரும் இல்லை. சீர்வரிசைச் சாமான் கொண்டுபோகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்.

காகிதங்களில் மட்டும் விளையாடக் கூடாது. ஜேர்மனி 2024 செப்ரெம்பரிலிருந்து தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை வைத்திருக்கிறது. ரைன் நதியைத் தாண்டியதும் பொலிஸ் ஏறலாம். சித்தி இன்னும் பிரெஞ்சுக் குடியுரிமை எடுக்கவில்லை. பத்து வருட வதிவிடக் காட்தான். காட் தனியே போதாது, செல்லுபடியாகும் பாஸ்போட்டும் கூட இருக்க வேண்டும். சித்தப்பாவிடம் பிரெஞ்சுப் பாஸ்போட் இருக்கிறது. ஆனாலும் தன் பழைய அகதிப் பயணப் பத்திரத்தையும் எடுத்துவரப் போகிறாராம். ஏன் என்று கேட்டால், கிடக்கட்டும் என்கிறார்.

பேர்லின் தலைமை நிலையத்திலிருந்து பிரீட்ரிஷ்ஸ்ட்ராஸவுக்கு நகர ரயிலில் ஒரே ஒரு தரிப்பு. அங்கே கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்து அனுப்பிய மண்டபம், கண்ணீர் மாளிகை என்று ஊர் பெயர் வைத்த கட்டடம், 2011 முதல் காட்சிக்கூடம். நுழைவு இலவசம். கலியாணத்துக்கு மறுநாள் காலையை அதற்கென்று ஒதுக்கச் சித்தப்பா சொல்லிவிட்டார்.

இதற்குள் செய்தி உறவுக்குள் பரவிவிட்டது. கார்ல்ஸ்ரூஹவில் இருக்கிற மாமி, ரயில் நிற்கும் கொஞ்ச நேரத்துக்குள் புட்டும் கறியும் தந்துவிடலாம் என்கிறா. பெட்டி இலக்கம் கேட்டுக் காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். ஜேர்மனியில் ரயில் சிலவேளை பெட்டி வரிசை தலைகீழாக வந்து நிற்கும் என்று நான் அவவுக்கு இன்னும் சொல்லவில்லை. பிராங்ஃபேர்ட் மச்சாளுக்கும் ஆசை வந்துவிட்டது. இந்த ரயில் அங்கே தலைமை நிலையத்துக்குப் போகாது. அது முட்டுச்சந்து நிலையம், உள்ளே போனால் திரும்பித்தான் வரவேண்டும். நிற்பது தெற்கு (சூட்) நிலையத்தில். "சூட், சூட்" என்று இரண்டு தரம் சொல்லி, எழுதியும் அனுப்பியிருக்கிறேன். சித்தப்பா இப்போது கேட்பது, அங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்று.