முழங்கால் உயரத்துப் பறவை

கோத்தகிரியை ஒட்டியிருக்கும் லாங்வுட் சோலைக்குள் வெளிச்சம் சோம்பேறித்தனமாகத்தான் வரும். வெளியே தேயிலைச் சரிவில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கும். நாலு எட்டு வைத்து மரங்களுக்குள் போனால், கேமராவில் ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு ஏற்றியும் ஷட்டர் வேகம் நொடியில் நூற்றில் ஒரு பங்கிலேயே நொண்டுகிறது. சுமார் 116 ஹெக்டேர் காடு, சுற்றிலும் தேயிலையும் வீடுகளும். கீழே உள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தரும் இந்தச் சோலை 2024-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

"நடந்துக்கிட்டே இருந்தா ஒண்ணும் கிடைக்காது சார். உக்காருங்க" என்றார் கூட வந்த வனக் காவலர். அட்டைகளை நினைத்தபடியே ஒரு வேரின் மேல் உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. நான் தேடி வந்த கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான் உச்சிக்கிளைப் பறவை அல்ல. குறிஞ்சிப் புதருக்குள், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் வாழ்வது. நின்றுகொண்டு படமெடுத்தால் முதுகுதான் கிடைக்கும். உட்கார்ந்ததும் வந்தது: 11 சென்டிமீட்டர் ஆண் பறவை. உடல் தணலாய் எரிய, தலையும் இறக்கையும் கரிக்கறுப்பு. ஒரு குச்சியில் அமரும், சட்டென்று பாய்ந்து பூச்சியைப் பிடிக்கும், பக்கத்துக் குச்சிக்குப் போகும். மனிதரைப் பெரிதாகச் சட்டை செய்வதில்லை.

சிக்கல் கண்ணில். கருந்தலையில் கருவிழி. வானத்தின் ஒரு பொட்டு வெளிச்சம் விழியில் விழுந்தால்தான் பறவைக்கு உயிர். இல்லாவிட்டால் ஆரஞ்சு நிறப் பந்துக்கு மேல் ஒரு ஓட்டை. அது தலையைத் திருப்பும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஃபிளாஷ் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைவிட மோசம், செல்போனில் அதன் குரலையே ஒலிக்கவிட்டு அழைப்பது. எதிரி வந்துவிட்டான் என்று இரையை விட்டு, சில நேரம் கூட்டையும் விட்டு ஓடி வருகிறது. அப்படி எடுத்த படங்களில் பறவையின் பதற்றமே தெரிகிறது. எனக்கு அவை பிடிப்பதில்லை.

இந்த ஈப்பிடிப்பானை 1839-இல் அறிவியலுக்கு விவரித்தவர் மதராஸ் ராணுவ மருத்துவர் ஜெர்டன். இதே சோலையில் வாழும் நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவையையும் அதே ஆண்டு அவரே விவரித்தார். இரண்டில் எனக்கு வியப்பு சிரிப்பான்மேல்தான். பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் இருப்பது வேறு இனம். நடுவில் இருக்கும் கணவாய், விமானத்தில் சில நிமிடத்தில் கடக்கும் தாழ்நிலம். குளிர்ந்த மலையுச்சியை விட்டு இறங்காத பறவைக்கு அதுவே கடல். மரபணுவை ஆராய்ந்து 2017-இல் இந்தச் சிரிப்பான்களுக்கென்று 'மாண்டிசிங்க்லா' என்ற தனிப் பேரினத்தையே வகுத்தார்கள்.

சோலைக்குள் சிரிப்பான்களின் கெக்கலிப்பு நாலு பக்கமும் கேட்டது. குரலைத் துரத்திப் போனால் அடர்ந்த இலைகள், நகரும் ஒரு நிழல், அவ்வளவுதான். ஒரு படம்கூடத் தேறவில்லை.

வெளியே வந்து சாலையோரக் கடையில் வர்க்கியும் டீயும் சொன்னோம். எதிர் வீட்டு வேலியில் நாலைந்து சிரிப்பான்கள், வெள்ளைப் புருவமும் துருநிற வயிறுமாக, பழம் பொறுக்கிக்கொண்டிருந்தன. நல்ல வெயில், பத்தடி தூரம். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இதுங்களா? தினமும் வரும் சார்" என்று கண்ணாடி டம்ளரை நீட்டினார். ஒரு கையில் டீயோடு ஐ.எஸ்.ஓ.வை 400-க்கு இறக்கினேன்.